வட கரேலியா கற்பித்த பாடம்

உயர் இரத்த அழுத்தம் வலியின்றி வளரும் நோய். வலியில்லாமையால் அதனை உடையோர் மருத்துவரை நாடுவதில்லை. நாடும் நாளில் இதயமோ மூளையோ பழுதுபட்டிருக்கக் கூடும். இத்தகைய நோயை ஊரார் ஒன்றுகூடி எதிர்த்த வரலாறு, பின்லாந்து நாட்டின் கிழக்கெல்லையிலுள்ள வட கரேலியா மாநிலத்திற்கு உண்டு.

மரம் வெட்டியும் கறவை வளர்த்தும் வாழ்ந்த உழைப்பாளிகள் அம்மக்கள். எனினும், அறுபதுகளில் அங்கு நடுவயது ஆடவர் மாரடைப்பால் மாண்ட விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. இளம் விதவைகள் பெருகினர். வெண்ணெய், கொழுத்த இறைச்சி, மிகுந்த உப்பு, ஓயாத புகை ஆகியவற்றை ஆய்வாளர் காரணங்களாகக் கண்டனர்.

1971 சனவரியில் மாநில ஆளுநரும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் பொது அமைப்பினரும் கையொப்பமிட்டு, அரசிடம் உதவி வேண்டி விண்ணப்பித்தனர். கோரிக்கை மக்களிடமிருந்தே எழுந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. 1972இல் திட்டம் தொடங்கிற்று. முப்பது வயதை எட்டாத மருத்துவர் பெக்கா புஸ்கா அதற்குத் தலைமை தாங்கினார்.

செவிலியர் இரத்த அழுத்தத்தை அளந்து, மிகுந்திருந்தோரைப் பதிவேட்டில் சேர்த்துத் தொடர்ந்து கண்காணித்தனர். ஆயினும், உப்பைக் குறைக்கச் சொல்வது செவிலியராயினும், உலையில் உப்பிடுவது இல்லத்தரசியன்றோ? எனவே, மார்த்தா எனும் இல்லத்தரசியர் சங்கம் ஊர்க்கூட்டங்களில் புதுமுறை உணவைச் சமைத்துப் பரிமாறியது. உள்ளூர் சாசேஜ் ஆலை கொழுப்பையும் உப்பையும் குறைத்துக் காளானைச் சேர்த்தது. பால்பண்ணையே பிழைப்பாக இருந்த மண்ணில் வெண்ணெயைக் குறைக்கச் சொன்னபோது எதிர்ப்பும் எழுந்தது. எண்பதுகளில் பெர்ரிப் பழச் சாகுபடி ஊக்குவிக்கப்பட்டு, உழவர்க்கு மாற்று வருவாய்க்கு வழி காணப்பட்டது.

முதல் ஐந்தாண்டு முடிந்தபின் இம்முயற்சி நாடெங்கும் பரவியது. 1993இல், உப்பு மிகுந்த உணவுப் பொதிகளில் அதனை அறிவிக்க வேண்டுமெனச் சட்டமும் வந்தது.

1972இல் வட கரேலிய ஆடவரின் சராசரி இரத்த அழுத்தம் 149/92. 2007இல் அது 138/83. சில நோயாளிகள் குணமடைவது வேறு. ஒரு மாநிலத்தின் சராசரியே தாழ்வது வேறு. புகையும் கொழுப்பும் குறைந்ததும் சேர்ந்து, உழைக்கும் வயது ஆடவரின் மாரடைப்பு மரணம் அக்காலத்திற்குள் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் வீழ்ந்தது.

மருந்தின் தேவை அங்கும் மறுக்கப்படவில்லை. ஆனால், மருந்துண்பவர் திரும்பிச் செல்லும் அடுக்களையும் அங்காடியும் மாறாவிடில் அம்மருந்து தனித்தே போராட வேண்டியிருக்கும். வட கரேலிய மக்கள் அவ்விரண்டையும் மாற்றிக் காட்டினர்.