குறட்டையும் மூச்சுத் தடையும்: கொலின் சல்லிவனின் ஆய்வு

திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளில் இரவு ஷிப்ட் முடித்து வருபவர் பகலில் குறட்டை விட்டுத் தூங்கினால், அசதியில் நன்றாகத் தூங்குகிறார் என்று வீட்டார் நினைப்பது வழக்கம். பெரும்பாலும் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் சிலருக்குக் குறட்டையின் நடுவே மூச்சே நின்று விடுகிறது. இந்த நோய்க்குப் பெயர் ஸ்லீப் ஆப்னியா. கழுத்தில் துளையிடாமல் இதற்கு நிவாரணம் தர முடியும் என்று காட்டியவர் ஆஸ்திரேலிய மருத்துவர் கொலின் சல்லிவன்.

நோயின் இயல்பு

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. தொண்டைப் பாதை குறுகலாக உள்ளவர்களுக்கு, மூச்சை உள்ளிழுக்கும்போது அந்தப் பாதை ஒட்டிக்கொண்டு அடைபடுகிறது. குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றால் அதை ஒரு தடையாகக் கணக்கிடுவர். இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை விழித்துக்கொள்கிறது. பெரும் சத்தத்துடன் மூச்சு திரும்புகிறது. மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ இப்படி நடந்தால் நோய் கடுமையானது. எழுந்ததும் தூங்கியவருக்கு எதுவும் நினைவிருக்காது. பகலெல்லாம் தூக்கம் மட்டும் கண்ணைச் சுழற்றும். நாளடைவில் இரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றுக்கான ஆபத்தும் கூடுகிறது.

முந்தைய நிலை

1965இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஆய்வாளர்கள் இத்தடைகளை இரவு முழுவதும் பதிவு செய்தனர். 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தியன் கில்மினோ இதைத் தனி நோயாக விளக்கினார். ஆனால் கடுமையான நோயாளிகளுக்கு நம்பகமான சிகிச்சை ஒன்றே இருந்தது: கழுத்தின் முன்புறம் மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழாய் பொருத்துவது. அந்தத் துளையோடு வாழ்வதைப் பலர் விரும்பவில்லை.

1980ஆம் ஆண்டு சோதனை

1970களின் பிற்பகுதியில் கனடாவின் டொராண்டோவில் எலியட் பிலிப்சனுடன் சேர்ந்து, தூங்கும் நாய்களின் சுவாசத்தைச் சல்லிவன் ஆராய்ந்தார். பின்னர் சிட்னி பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். குறைமாதக் குழந்தைகளின் நுரையீரல் சுருங்காதிருக்கத் தொடர்ந்து காற்றழுத்தம் கொடுக்கும் முறையை ஜார்ஜ் கிரெகரி 1971இலேயே வெளியிட்டிருந்தார். அதே காற்று பெரியவர்களின் தொண்டையையும் திறந்து வைக்குமா என்பதே சல்லிவனின் கேள்வி.

1980 ஜூன் மாதம் கட்டடத் தொழிலாளி ஒருவர் அவரிடம் வந்தார். துளையிடும் சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டும் அதை ஏற்காத அவர், ஓர் இரவு இச்சோதனைக்குச் சம்மதித்தார். வாக்குவம் கிளீனரின் காற்றுத் தள்ளும் மோட்டாரைக் கொண்டு அவரது மூக்கின் வழியே காற்று செலுத்தப்பட்டது. அழுத்தத்தைக் கூட்டியதும் தொண்டை திறந்தது. குறைத்ததும் மீண்டும் அடைத்தது. பலமுறை மாற்றிப் பார்த்து உறுதி செய்தபின், அழுத்தத்தை நிலையாக வைத்து அவரைத் தூங்க விட்டனர். மறுநாள் அவர் தெளிவுடன் விழித்தெழுந்தார்.

ஐந்து நோயாளிகளிடம் கிடைத்த முடிவுகளைச் சல்லிவன் குழுவினர் 1981 ஏப்ரலில் லான்செட் இதழில் வெளியிட்டனர். தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீர் அளவு மட்டுமே.

ஆய்வகத்திலிருந்து வீட்டுக்கு

தொடக்கத்தில் முகமூடியை ஒவ்வொருவர் மூக்குக்கும் அச்செடுத்துச் செய்து, இரவுதோறும் பசையால் ஒட்ட வேண்டியிருந்தது. மோட்டாரின் இரைச்சலும் அதிகம். 1989இல் பீட்டர் ஃபாரல் தொடங்கிய நிறுவனம், பின்னாளில் ரெஸ்மெட் எனப் பெயர் பெற்று, இக்கருவியை உலகெங்கும் கொண்டு சென்றது. இன்று இது சிபாப் கருவி எனப்படுகிறது. இது நோயை அடியோடு நீக்குவதில்லை. போட்டுக்கொள்ளும் இரவில் மட்டுமே தடையைத் தடுக்கிறது. முகமூடி பழகாமல் பாதியில் கைவிடுவோரும் உண்டு.

கவனிக்க வேண்டியவை

இரவு ஷிப்ட் பார்ப்பவருக்குப் பகலில் தூக்கம் வருவதற்குத் தூக்கக் குறைவே போதிய காரணம். எனினும் போதிய நேரம் தூங்கியும் இயந்திரத்தின் முன்னோ வண்டி ஓட்டும்போதோ கண் செருகினால், அதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. குறட்டை திடீரென நின்று, பிறகு திணறலுடன் தொடர்வதைத் தூங்குபவர் அறிய மாட்டார்; அருகில் படுப்பவரே அறிவார். கோவை, சென்னை போன்ற நகரங்களின் மருத்துவமனைகளில் இரவுத் தூக்கப் பரிசோதனை செய்யும் வசதி உள்ளது. வீட்டார் கண்டதை மருத்துவரிடம் சொன்னால், சோதனை தேவையா என அவர் முடிவு செய்ய அது உதவும்.