குளிசையும் ஊசியும்

கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் நானாட்டான் வயல்களை அண்டிய ஒரு வீட்டில் மூதாட்டி ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. அவருக்கும் நீரிழிவு, அவர்தம் பன்னிரண்டு வயதுப் பேத்திக்கும் நீரிழிவு. மூதாட்டி காலையும் மாலையும் உணவோடு குளிசை விழுங்குகிறார். பேத்தியோ நாளுக்கு நான்கு முறை தன் வயிற்றிலும் தொடையிலும் ஊசி ஏற்றிக்கொள்கிறாள். அவள் நம் வகுப்பு மாணவி. ஒருநாள் நான்காம் பாடவேளையில் அவள் மேசையில் தலை சாய்த்திருக்கக் கண்டு, சோம்பல் என்றெண்ணிக் கடிந்துகொண்டோம். குருதியிற் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, நாக்குழறிக் கிடந்தாள் என்பதைப் பக்கத்திலிருந்த தோழியே நமக்குச் சொல்லிக் கையிலிருந்த இனிப்பை அவள் வாயிலிட்டாள். பட்டம் பெற்ற நம்மிலும் அச்சிறுமிக்கு அன்று அறிவு மிகுந்திருந்தது. அந்த வெட்கத்தோடுதான் அவ்வீட்டுப் படியேறினோம்.

"சேர், ரெண்டு பேருக்கும் ஒரே வருத்தம்தானே? என்ர குளிசையில பாதியைப் பிள்ளைக்குக் குடுத்தா ஊசியைக் குறைக்கேலாதோ?" என்றார் மூதாட்டி.

இக்கேள்வியை நகைத்து ஒதுக்குதல் எளிது. ஆயின், ஊசியோடு வாய்வழி மருந்தும் சேர்ந்தால் நோயாளியின் சுமை குறையுமா என்று மருத்துவ ஆய்வாளர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகக் கேட்டு வந்ததும் இதுவே. அவர்கள் பெற்ற விடைகளின் வரலாறு உயிர்ப்பலிகளும் இலாப வேட்டையும் கலந்த வரலாறு.

நம் முன்னோர் இந்நோயை நன்கறிந்திருந்தனர். நோயாளியின் சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு மதுமேகம் எனப் பெயரிட்டனர். சுசுருத சங்கிதை, பிறவிவழி வருவதையும் தீய உணவுப் பழக்கத்தால் வருவதையும் பிரித்துக் கூறுகின்றது. மன்னார்ப் பகுதியின் வறண்ட நிலத்திற் பொன்னெனப் பூத்துக் குலுங்கும் ஆவரசு, நீரிழிவுக்கு மருந்தென இன்றும் குடிநீராகக் காய்ச்சப்படுகின்றது. ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்பது பழமொழி. கண்டதுண்டு என்பதே கசப்பான உண்மை. இந்நோய் தாக்கிய சிறுவர், ஆவரசு பூத்த நாட்டிலும் பூக்காத நாட்டிலும், சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ உருகி இறந்தனர்.

1889ஆம் ஆண்டு, அக்காலத்தில் ஜேர்மனியின் ஆட்சியிலிருந்த ஸ்திராஸ்பூர்க் நகரில், மின்கோவ்ஸ்கி, வொன் மேரிங் என்னும் இருவர் ஒரு நாயின் சதையியை (தமிழகத்தார் இதனைக் கணையம் என்பர்) அகற்றினர். நாய்க்கு நீரிழிவு கண்டது. நோயின் இருப்பிடம் தெரிந்துவிட்டது. மருந்து கிட்ட மேலும் முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன. இடைக்காலத்தில் மருத்துவர் கையிலிருந்த ஒரே கருவி பட்டினி. அமெரிக்க மருத்துவர் அலன், சிறுவரை எலும்புக்கூடாக்கிச் சாவைச் சற்றே தள்ளிவைத்தார். நோயால் இறப்பதா, பசியால் இறப்பதா என்பதே அன்று பெற்றோர்முன் இருந்த தெரிவு.

1921இல் ரொறன்ரோவில் பான்ரிங், பெஸ்ற் ஆகியோர் மக்லியொட்டின் ஆய்வுகூடத்தில் சதையிச் சாற்றைப் பிரித்தனர். 1922 ஜனவரி 11இல் பதினான்கு வயது லெனாட் தொம்சனுக்கு அது ஏற்றப்பட்டது. முதல் ஊசி பயன் தரவில்லை. கொலிப் என்னும் வேதியியலாளர் தூய்மையாக்கிய சாறு ஜனவரி 23இல் ஏற்றப்பட்டபோதே சிறுவன் பிழைத்தான். 1935 வரை வாழ்ந்தான். காப்புரிமையைக் கண்டுபிடிப்பாளர் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலருக்குக் கொடுத்தனர் என்பதை நம் மாணவர் மனங்கொள்ளல் வேண்டும். அந்த ஒரு டொலர் மருந்தைச் சுற்றிப் பின்னாளில் எழுந்த பெருஞ்செல்வம் யார் பெட்டிக்குட் சென்றது என்பது தனியே எழுதத்தக்க பொருள்.

இன்சுலின் ஒரு புரதம். வாயால் உட்கொண்டால் இறைச்சியையும் மீனையும் போலவே குடலிற் செரித்துப் போகும். ஆதலின் ஊசி தவிர்க்க முடியாததாயிற்று. ஊசிக்கு மாற்றாகக் குளிசை ஒன்று வேண்டும் என்ற ஏக்கமும் அன்றே பிறந்தது. 1926இல் ஜேர்மனியில் சிந்தலின் என்னும் மருந்து பெரும் ஆரவாரத்துடன் விற்பனைக்கு வந்தது. ஊசி வேண்டாம் என்ற சொல்லுக்கு மயங்காத நோயாளி யார்? ஆயின் அது ஈரலைக் கெடுத்தது, ஈற்றில் கைவிடப்பட்டது.

அடுத்த கண்டுபிடிப்பு தற்செயலாக, போரின் நிழலில் நேர்ந்தது. 1942இல், நாசிகளிடம் தோற்றுப்போயிருந்த பிரான்சின் மொன்பெலியே நகரில், உணவுத் தட்டுப்பாட்டால் மெலிந்திருந்த மக்களிடையே நெருப்புக்காய்ச்சல் பரவிற்று. ஜான்போன் என்னும் மருத்துவர் புதிய சல்பா மருந்தொன்றைக் கொடுத்துப் பார்த்தார். நோயாளிகள் சிலர் வலிப்புக் கண்டனர், சிலர் இறந்தனர். அவர்கள் குருதியிற் சர்க்கரை வீழ்ந்திருந்தது. அவ்வூர் உடற்றொழிலியலாளர் லுபாத்தியே இம்மருந்தை நாய்களுக்குக் கொடுத்தார். சதையியுள்ள நாயின் சர்க்கரை இறங்கியது. சதையி முற்றாக அகற்றப்பட்ட நாயின் சர்க்கரை அசையவில்லை.

நானாட்டான் மூதாட்டியின் வினாவுக்கு முதல் விடை இந்த இரண்டு நாய்களிடமே இருக்கிறது. அம்மருந்து தானாக இன்சுலினைப் படைப்பதில்லை. உறங்கும் சதையியை உலுப்பி எழுப்புகிறது. உலுப்புவதற்கு அங்கே உயிரணு இருந்தாக வேண்டும். பேத்தியின் உடலில், உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே வழிதவறி அவ்வுயிரணுக்களை அழித்துவிட்டது. இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பதை லண்டனில் ஹிம்ஸ்வேத் 1936இலேயே சுட்டியிருந்தார். முதலாம் வகை, இரண்டாம் வகை என்னும் இன்றைய பெயர்கள் நிலைபெற மேலும் பல பத்தாண்டுகள் சென்றன. பெயர் ஒன்றாயிருப்பதால் நோயும் ஒன்றென மயங்குவது மூதாட்டிக்கு மட்டும் உரிய பிழையன்று.

மொன்பெலியேயில் முளைத்த மருந்தினம் 1955, 1956 ஆகிய ஆண்டுகளில் குளிசைகளாக உலகச் சந்தைக்கு வந்தது. மூதாட்டி விழுங்கும் மெற்போர்மின் வேறு வழியில் வந்தது. ஐரோப்பியக் கிராமத்தார் அறிந்த கலேகா என்னும் செடியின் வேதிப்பொருளே அதன் மூதாதை. 1922இல் டப்ளினில் ஆக்கப்பட்டுக் கிடந்த இதனை, 1957இல் பாரிசில் ஸ்ரேர்ண் என்னும் மருத்துவர் நீரிழிவுக்கு எடுத்தாண்டார். அது பெரிதும் ஈரலில் வேலை செய்வது. சர்க்கரையை ஈரல் வெளியிடுவதைக் குறைப்பது. அப்படியாயின் சதையி அழிந்தவருக்கும், ஊசியை நிறுத்தாமல், துணையாக இதைக் கொடுத்தாலென்ன?

கொடுத்துப் பார்த்தனர். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து நாடுகளைச் சேர்ந்த, நாற்பது வயதும் அதற்கு மேலுமான 428 முதலாம் வகை நோயாளர் மூன்றாண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். எடை ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்தது. சர்க்கரைக் கட்டுப்பாட்டில் தொடக்கத்திற் கண்ட சிறு முன்னேற்றம் மூன்று மாதங்களுக்குப் பின் நிலைக்கவில்லை. இன்சுலின் தேவையும் சராசரியாகக் குறையவில்லை. பருமனுடைய சிலருக்கு மருத்துவர் இதை இன்றும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. மெலிந்த ஒரு சிறுமிக்கு இதனால் ஆவது சிறிது.

இன்னொரு கதையும் உண்டு. ஆப்பிள் மரத்து வேர்ப்பட்டையிலிருந்து 1835இற் பிரித்தெடுக்கப்பட்ட ஒரு பொருள், சர்க்கரையைச் சிறுநீர்வழி வெளியேற்றுவதை 1886இற் கண்டவர் அதே வொன் மேரிங். அதன் வழியில் வந்த புதிய குளிசைகளுள் ஒன்றான டபாகிளிபுளோசினை, முதலாம் வகை நோயாளருள் பருமனுடையோர்க்கு இன்சுலினோடு சேர்த்துக் கொடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் அனுமதித்தது. 2021இல் அவ்வனுமதி மீளப்பெறப்பட்டது. இதே நோக்குடன் வந்த இன்னொரு குளிசையை அமெரிக்க அதிகாரிகள் 2019இல் மறுத்தனர். இவற்றை உண்போர்க்குக் குருதியிற் சர்க்கரை ஏறத்தாழ இயல்பாகத் தோன்றும்போதே கீற்றோன் அமிலம் பெருகி உயிருக்கு உலைவைக்கக்கூடும். கருவி காட்டும் எண்ணை நம்பியிருப்பவர் ஆபத்தை அறியாமலே மயங்கி வீழ்வார். கீற்றோனை வீட்டிலேயே அளக்கவும், நள்ளிரவிலும் மருத்துவரை எட்டவும் வசதியுள்ளோர்க்கே இத்தகைய மருந்து ஓரளவு பொருந்தும்.

இங்கு நம் நாட்டின் கதைக்கு வருவோம். மருந்தியற் பேராசிரியரும் இடதுசாரியுமான சேனக பிபிலே, கம்யூனிஸ்ட் தலைவரும் மருத்துவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து அளித்த அறிக்கையின் வழியில், 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. பன்னாட்டு நிறுவனங்கள் இங்குள்ள தம் கிளைகளுக்கு மூலப்பொருளை உலகச் சந்தை விலையிலும் பன்மடங்கு உயர்த்தி விற்றுவந்ததைக் கூட்டுத்தாபனம் கண்டது. நீரிழிவுக் குளிசைகளின் மூலப்பொருளும் அவற்றுள் அடங்கும். மொன்பெலியேயின் பசித்த நோயாளர் உயிர்கொடுத்து உணர்த்திய மருந்து, ஏழை நாட்டின் அந்நியச் செலாவணியை உறிஞ்சும் குழாயாக மாறியிருந்தது. பிபிலே 1977இல் கயானாவிற் காலமானார். மூதாட்டிக்கு அரச வைத்தியசாலையில் இலவசமாய்க் கிடைக்கும் குளிசையில் அம்மனிதரின் உழைப்பும் கரைந்திருக்கிறது.

போர்க்காலத்தில் வடபுலத்துக்குச் செல்லத் தடைவிதிக்கப்பட்ட பொருள்களுள் மருந்துகளும் இருந்தன. 2022இல் நாடு திவாலானபோது வைத்தியசாலைகள் மருந்தின்றித் தவித்தன. குளிசைத் தட்டுப்பாடு மூதாட்டியை மெல்ல வருத்தும். இன்சுலின் இல்லையேல் பேத்திக்கு மிஞ்சுவன சில நாட்களே. இவ்வேறுபாட்டை வகுப்பறையில் எடுத்துரைக்க எந்தப் பாடநூலையும் நாம் எதிர்பார்க்கவில்லை. இப்போது சொல்லி வருகிறோம்.

அன்று மூதாட்டிக்கு இரண்டு நாய்களின் கதையைச் சொன்னோம். நெடுநேரம் கேட்டிருந்தார்.

"அப்ப என்ர சதையி இன்னும் கொஞ்சம் வேலை செய்யுது, பிள்ளையின்ர செத்துப்போச்சு எண்டு சொல்லுறியள்" என்றார்.

ஆமென்றோம். அவர் எழுந்து அடுக்களை மூலைக்குச் சென்றார். அங்கே ஒரு பெரிய மண்பானை, உள்ளே மணல், மணலில் ஒரு சிறு முட்டி, முட்டிக்குள் பேத்தியின் இன்சுலின் குப்பி. வீட்டிற் குளிர்சாதனப் பெட்டி இல்லை. சித்திரை வெயிலில் மணல் காய்ந்திருந்தது. கைநிறையத் தண்ணீர் அள்ளி, முட்டியைச் சுற்றி மெல்லத் தெளிக்கலானார்.