மேற்குத் தொடர்ச்சி மலையில் பறவை, தும்பிக் கணக்கெடுப்பு

தபதி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கிக் குமரி வரை சுமார் 1,600 கி.மீ. நீளும் மலைத்தொடரில், எந்தெந்தப் பறவைகளும் தும்பிகளும் எங்கே, எந்த உயரத்தில், எந்தப் பருவத்தில் இருக்கின்றன என்று பதிவுசெய்யும் களப்பணி. பறவைகள் காட்டின் நிலையைக் காட்டும். தும்பிகளின் இளம்பருவம் நீருக்குள் கழிவதால் அவை ஓடையின் நிலையைக் காட்டும். இரண்டையும் சேர்த்து எடுப்பதே முறை.

பறவையியலாளர் சாலிம் அலி 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைகளைக் கணக்கெடுத்தார். இந்திய மருத்துவப் பணியிலிருந்த எஃப். சி. ஃபிரேசர் தும்பிகள் குறித்து எழுதிய மூன்று தொகுதிகள் 1933, 1934, 1936 ஆண்டுகளில் வெளிவந்தன.

பறவைக் கணக்கெடுப்பு விடியலில் தொடங்கும். குறித்த இடங்களில் ஐந்து அல்லது பத்து நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எழுதுவார்கள். அடர்ந்த சோலைக்காட்டில் கண்ணைவிடக் காதுக்கே வேலை அதிகம். நேரம், வானிலை, நின்ற நிமிடங்கள் ஆகியவற்றைக் குறிக்காத பட்டியலில் 'இல்லை' என்ற பதிவுக்கு மதிப்பே கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் வாழும் சோலைக்கிளி ஓர் இனம், தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் வாழ்வது வேறோர் இனம். ஆகவே இடத்தைத் துல்லியமாகக் குறிப்பதும் கட்டாயம்.

தும்பிகளுக்கு வெயில் ஏற வேண்டும். நிழல் விழும் பாறைக் கசிவுகளில் தொங்கும் மெல்லிய தும்பி வகையான ஊசித்தட்டான்களை நிறத்தைக் கொண்டு மட்டும் பிரிக்க முடியாது. வலையில் பிடித்து, நான்கு சிறகுகளையும் முதுகின்மேல் சேர்த்து விரல்களால் பற்றி, ஆணின் வால்நுனிக் கொடுக்கு வடிவத்தை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டுப் பறக்கவிடுவார்கள். தும்பியின் இளம்பருவம் உரித்துக் கரைப்பாறையில் விட்டுச்சென்ற சட்டையையும் தேட வேண்டும். பறக்கும் தும்பி வழிப்போக்கனாக இருக்கலாம். சட்டையோ அது அந்த நீரிலேயே வளர்ந்தது என்பதற்குச் சான்று. இதை விட்டுவிடும் கணக்கெடுப்பு பாதிக் கணக்கெடுப்புதான். சில இனங்கள் மழைக்காலத் தொடக்கத்தில் மட்டுமே பறப்பதால் ஒரு பருவப் பதிவும் போதாது.

மொத்த எண்ணிக்கை ஏமாற்றக்கூடியது. ஓடைக்கரை மரங்களை வெட்டினால் நிழல் நாடும் ஊசித்தட்டான்கள் மறையும். வெயில் விரும்பும் வயல்வெளித் தட்டான்கள் குடியேறும். ஓடை கெட்டிருக்கும்போதே பட்டியல் நீளக்கூடும். அதனால் இம்மலைக்கே உரிய இனங்களைத் தனியே பிரித்துக் காட்டாத அறிக்கையை நம்பிக் காட்டைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது.