கறியும் கரியும்: கொச்சித் துறையின் கதை

பெரியாறு என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழ் மக்களின் நினைவில் எழுவது, 1895ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற அணையும், மலையைக் குடைந்த வழியே சென்று வைகையோடு கலந்து மதுரைச் சீமையை நனைக்கும் நீருமே ஆகும். அவ்வாற்றுக்கு மற்றொரு முகம் உண்டு. மேற்கு நோக்கி ஓடிக் கொச்சிக்கு வடக்கே கடலைச் சேரும் அந்த முகமே பழைய முசிறித் துறையை வளர்த்தது; அதுவே முசிறியைத் தூர்த்தது; கொச்சித் துறையைத் திறந்துவிட்டதும் அதுவே என்பர். பிழைப்பின் பொருட்டுத் தாயகம் நீங்கி, மட்டாஞ்சேரியை அடுத்த சுள்ளிக்கல்லில் குடியிருக்கும் நாம், இத்துறையின் கதையைப் புவி வெப்பமாதல் என்னும் இக்காலச் செய்தியோடு சேர்த்துச் சொல்ல முற்படுகிறோம். இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். சொல்லச் சொல்ல அது விளங்கும்.

யவனர் மரக்கலங்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு மீண்ட செய்தி சங்கப் பாடல்களில் உள்ளது. மிளகுக்கு அன்று 'கறி' என்று பெயர். அக்கலங்களை உந்தியது பருவக்காற்று ஒன்றே. தென்மேற்குக் காற்றில் வந்தவர்கள், காற்றுத் திசை மாறும்வரை காத்திருந்து, வடகிழக்குக் காற்றில் திரும்பினர். அவ்வளவு பெரிய வாணிகம் ஒரு வண்டி நிலக்கரியும் எரிக்காமல் நடந்தது! 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் புரண்டு முசிறியின் முகத்துவாரத்தை மண்ணிட்டு அடைத்தது என்றும், தெற்கே கொச்சியில் நீர் புதுவழி கண்டு கடலில் பாய்ந்தது என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. 1500இல் போர்ச்சுகீசியர் கொச்சிக்கு வந்தனர். 1663இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் பிடித்தனர். கொடிகள் மாறினவேயன்றிக் கப்பலை ஓட்டும் முறை மாறவில்லை. பாய்மரமே எல்லாருக்கும் பொது.

ஒல்லாந்தர் காலம் என்றதும் நம்மவரைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் இருக்க இயலவில்லை. கோட்டைக் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் 'தோபி கானா' எனப் பெயர்பெற்ற சலவைத்துறை ஒன்று உண்டு. அங்கே தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர், ஒல்லாந்தப் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பெற்றனர் என்பது அவர்களிடையே வழிவழியாக வழங்கும் வரலாறு. இன்றுள்ள கட்டடம் 1976இல் எழுந்தது. கல்லில் அடித்துத் துவைத்து, அரிசிக் கஞ்சியில் தோய்த்து, முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே துணியின் முனையைச் செருகி, வெயிலில் உலர்த்துகின்றனர். வெயிலுக்கு விலை இல்லை, புகையும் இல்லை. ஆயினும் ஆனி, ஆடி மாதங்களில் மழை விடாது பெய்யும்போது அவர்கள் வானத்தைப் பார்த்த வண்ணம் நிற்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

பாய்மரத்தின் ஆட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் முடிவுக்கு வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பெற்றது. நிலக்கரி எரிக்கும் நீராவிக் கப்பல்கள் காற்றுக்குக் காத்திராமல் கீழ்த்திசைக்கு வரலாயின. கறி ஏற்றிச் செல்ல வந்த உலகம், கரி எரித்துக்கொண்டு வந்தது. ஆனால் கொச்சி அழிமுகத்தை மறித்துக் கிடந்த மணல்மேடு பெரிய கப்பல்களை உள்ளே விடவில்லை. 1920இல் ராபர்ட் பிரிஸ்டோ என்னும் ஆங்கிலப் பொறியாளர் இங்கு வந்தார். கோட்டைக் கொச்சி அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது, மட்டாஞ்சேரியோ கொச்சி மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது, தெற்கே திருவிதாங்கூர். இத்தனை அரசுகளையும் ஓர் ஒப்பந்தத்துக்குக் கொணர்வது, மணலை அள்ளுவதினும் கடினமான வேலையாக இருந்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது. மணலை வெட்டினால் வைப்பீன் கரை அரிக்கப்படுமோ என்ற அச்சமும் இருந்தது. பிரிஸ்டோ கருங்கல் தடுப்புகளை இட்டுக் கரையைக் காத்த பின்னரே மேற்சென்றார். 1928இல் 'பத்மா' என்னும் நீராவிக் கப்பல் உள்துறைக்குள் நுழைந்தது. அள்ளிய மண்ணைக் கொண்டு 700 ஏக்கருக்கும் மேற்பட்ட வெல்லிங்டன் தீவு உருவாயிற்று. அத்தீவுக்குப் பெயர் கொடுத்த வெல்லிங்டன் பிரபு சென்னையின் ஆளுநராக இருந்தவர். 1936இல் கொச்சி பெருந்துறைமுகம் என்னும் தகுதி பெற்றது.

துறைமுகத்தைச் சுற்றி ஆலைகள் எழுந்தன. ஏலூரில் 1947இல் உற்பத்தி தொடங்கிய உரத் தொழிற்சாலையை நிறுவியதில் திருவிதாங்கூர்த் திவானாயிருந்த சர் சி. பி. இராமசுவாமி ஐயருக்கும், திருச்சி சேஷசாயி சகோதரர்களுக்கும் பங்கு உண்டு. அங்கே முதலில் விறகை எரித்து வாயுவாக்கி அம்மோனியா செய்தனர் என்பது இன்று கேட்க வியப்பாக இருக்கிறது. அம்பலமுகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1966இல் வந்தது. பசியாற்ற உரமும் வண்டியோட எண்ணெயும் வேண்டியிருந்த நாடு அது. அக்காலத்து மக்களை நாம் இன்று குறைகூறுதல் முறையன்று.

எனினும், அந்தப் புகையைப் பற்றி அறிந்தவர்கள் அன்றே உலகில் இல்லாமலில்லை. கரியமில வாயு வெப்பத்தை உறிஞ்சித் தேக்கும் தன்மையுடையது என்பதை 1850களிலேயே அமெரிக்காவில் யூனிஸ் பூட் என்ற அம்மையாரும், இங்கிலாந்தில் ஜான் டிண்டாலும் தனித்தனியே ஆய்ந்தனர். கதிரவன் ஒளியை உள்ளே விட்டு, நிலம் திரும்ப விடும் வெப்பத்தை மறித்துக்கொள்ளும் போர்வை அது. 1896இல் சுவீடன் தேசத்து அறிஞர் அரீனியஸ், அவ்வாயு இருமடங்கானால் புவியின் வெப்பம் ஐந்தாறு பாகை உயரும் என்று கணக்கிட்டார். குளிர்நாட்டவராகிய அவருக்கு அது நற்செய்தியாகவே பட்டது. சுள்ளிக்கல்லில் சித்திரை மாதத்தில் ஒரு வாரம் இருந்திருந்தால் வேறுவிதமாக எழுதியிருப்பார்! 1938இல் காலண்டர் என்னும் ஆங்கிலேய நீராவிப் பொறியாளர், புவியின் வெப்பம் உண்மையிலேயே ஏறிவருகிறது என்று கணக்குக் காட்டினார். அதனைப் பலர் நம்பவில்லை. 1958இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மலைமுகட்டில் அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ 315 பங்கு. ஆலைகளுக்கு முந்தைய காலத்தில் அது 280. இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

இதன் பயனை முதலில் உணர்வோர் தாழ்ந்த கரைகளில் வாழ்வோரே. 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரி 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. உயரும் வேகமும் கூடிவருகிறது. நாம் ஓதம் என்பதை இங்கு மலையாளத்தில் 'வேலியேற்றம்' என்பர். கொச்சியைச் சுற்றியுள்ள தாழ்நிலங்களில் ஓத நீர் வீட்டு முற்றங்களில் ஏறி நிற்பது அடிக்கடி நிகழ்கிறது. சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிர்கிறது; கிணறு கரிக்கிறது. தெற்கே செல்லானத்தில் கடல் ஊருக்குள்ளேயே புகுந்தது. அங்கே 2022இல் பணி தொடங்கி, நாற்கால் கான்கிரீட் கட்டிகளால் 7 கிலோமீட்டருக்கு மேல் கடற்சுவர் எழுப்பினர். சுவருக்குள் இருப்போர் நிம்மதியடைந்தனர். சுவர் நின்றுவிட்ட இடத்துக்கு அப்பால் கண்ணமாலி மக்களோ, தமக்கும் அது வேண்டும் எனக் கோரி ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தில் சாலைக்கு வந்தனர்.

2018 ஆகஸ்டில் பெரியாறு மீண்டும் புரண்டது. மலையாள ஆண்டு 1099இல், அதாவது 1924இல் வந்த வெள்ளத்தைத் தவிர அதற்கு ஒப்பானதைக் கேரளம் நினைவில் கொண்டிருக்கவில்லை. 1992க்குப் பின் முதன்முறையாகச் செறுதோணி அணையின் கதவுகள் திறக்கப்பெற்றன. கேரளத்தில் 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரு வெள்ளத்தைக் காட்டி அது புவி வெப்பத்தால் மட்டுமே வந்தது என்று சொல்லிவிட முடியாது. வெப்பமான காற்று மிகுந்த ஈரத்தைத் தாங்கும், பெய்தால் கொட்டித் தீர்க்கும் என்பதுவரை உறுதி.

அவ்வெள்ளத்தில் மூழ்கியவற்றுள் ஒன்று நெடும்பாசேரி விமான நிலையம். இதில் ஒரு விந்தை உண்டு. 2013இல் கூரைமேல் சிறிய அளவில் கதிரொளி மின்சாரம் எடுக்கத் தொடங்கிய அந்நிலையம், 2015 ஆகஸ்டு 18இல் 45 ஏக்கர் பரப்பில் 12 மெகாவாட் திறனுள்ள தகடுகளை நிறுவி, முழுவதும் கதிரொளி மின்சாரத்தால் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்று பெயர்பெற்றது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியத்தின் கம்பிகளில் விட்டு, இரவில் அதனைத் திரும்பப் பெறுவது அவர்கள் கண்ட வழி. வெப்பத்தைக் குறைக்க முன்வந்த அந்நிலையம் ஆகஸ்டு 15 முதல் 29வரை நீரால் மூடப்பட்டது. அந்நாட்களில் சிறு விமானங்கள் வெல்லிங்டன் தீவிலுள்ள கடற்படைத் தளத்தில், பிரிஸ்டோ அள்ளிப்போட்ட மண்ணின்மேல், வந்திறங்கின. அடுத்த மாதமே ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் விருது நெடும்பாசேரிக்கு வழங்கப்பெற்றது. விருது தகும் என்பதே நம் கருத்து. ஆயினும் நிலையத்தின் விளக்குகள் கதிரொளியில் எரிகின்றனவேயன்றி, அங்கிருந்து எழும் விமானங்கள் எண்ணெயைத்தான் எரிக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் நேர்மை.

நீர்வழியிலும் மாற்றம் வந்தது. அரூரில் கட்டப்பெற்ற 'ஆதித்யா' என்னும் கதிரொளிப் படகு 2017 ஜனவரியில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பயணிகளுடன் ஓடத் தொடங்கியது. 1924இல் பெரியார் ஈ. வெ. ரா. போராடிய வைக்கம் அதுவே. 2023 ஏப்ரலில் கொச்சி நீர் மெட்ரோ தொடங்கியது. கொச்சிக் கப்பல் கட்டும் தளம் செய்த அப்படகுகள் மின்கலத்தில் ஓடுவன. 2025இல் மட்டாஞ்சேரிக்கும் அதன் துறை வந்துசேர்ந்தது. அம்மின்கலங்களில் ஏறும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. கேரளம் தன் தேவையில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் பிறக்கும் மின்சாரத்திலும் அதற்குப் பங்கு உண்டு. புகை இடம் மாறியதேயன்றி முற்றும் ஒழியவில்லை.

உலக அரசுகளும் வாளாவிருக்கவில்லை. 1992இல் ரியோ நகரில் உடன்படிக்கை, 1997இல் கியோட்டோ, 2015இல் பாரிஸ். 2070க்குள் நிகர உமிழ்வைச் சுழியாக்குவதாக இந்தியா 2021இல் கிளாஸ்கோவில் அறிவித்தது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போருக்கு இவ்வுடன்படிக்கைகள் தலைவலி தருவன. ரியோ ஆவணத்தின் ஒரு சொற்றொடரைப் 'பொதுவானவையும் ஆயினும் வேறுபட்டவையுமான பொறுப்புகள்' என்று தமிழாக்கிவிட்டு, படிப்பவர்க்கு என்ன விளங்கும் என்று நாம் நெடுநேரம் கவலையுற்றதுண்டு. அதன் பொருள் எளியதே: அடுப்பை நெடுங்காலம் எரித்தவன் அதிகம் பொறுப்பேற்க வேண்டும். இந்தியர் ஒருவர் சராசரியாக வெளியிடும் கரியமில வாயு, உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு.

இப்பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பதைத் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் காணலாம். சுள்ளிக்கல்லிலிருந்து அது தொலைவன்று. குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலில் சுறாவும் சூரையும் பிடிக்க அங்கிருந்தே செல்கின்றனர். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் எழுந்தபோது, கரையிலிருந்து நெடுந்தொலைவில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. குமரிக்கரைச் சிற்றூர்கள் பலவற்றில் வீட்டுக்கு வீடு ஒப்பாரி எழுந்தது. அரபிக் கடல் சூடேறிவருகிறது என்றும், அங்கே எழும் புயல்களின் தொகையும் வலிமையும் அண்மைப் பத்தாண்டுகளில் கூடியுள்ளன என்றும் வானிலை ஆய்வாளர் கண்டுள்ளனர். இழந்தவர் போக எஞ்சியோர் மீண்டும் கடலுக்குச் சென்றனர். உப்பங்கழியில் ஓடும் மின்கலப் படகு துறைக்குத் துறை நின்று மின்னூட்டம் பெறலாம். வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் சுறாப் படகுக்கு அவ்வசதி இல்லை. அது இன்றும் டீசலில்தான் போகிறது; மீன் தேடிச் செல்லும் தொலைவு கூடக்கூட, ஏற்றிச் செல்லும் டீசலும் கூடுகிறது.