அன்னபெர்க்: காற்றாலைக்குக் கீழே ஒரு குடியிருப்பு

கரீபியன் கடலிலுள்ள சென் ஜோன் தீவின் வடகரையில், குன்றொன்றின் மேல் நிற்கிறது அன்னபெர்க் கரும்புத் தோட்டத்தின் இடிபாடு. டென்மார்க்கின் குடியேற்றமாக இருந்த இத்தீவை 1917இல் ஐக்கிய அமெரிக்கா வாங்கியது. இன்று தீவின் பாதிக்கும் மேற்பட்ட நிலம் 1956இல் உருவான தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அன்னபெர்க்கும் அதற்குள்தான்.

நான் போனபோது எல்லோரும் காற்றாலைக் கோபுரத்தின் முன் நின்றே படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அழகான கோபுரம்தான். சுவர்களை உற்றுப் பார்த்தால் கருங்கல்லுக்கிடையே கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளப்பாறைத் துண்டுகளும் தெரியும். அவற்றைச் சுமந்தவர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள்.

வெட்டிய கரும்பு விரைவில் பழுதாகிவிடும். அதனால் அறுவடைக் காலத்தில் ஆலை இரவு பகலாக ஓடியது. காற்று விழுந்தால், பக்கத்திலுள்ள வட்ட மேடையில் விலங்குகள் சுற்றிச் செக்கை இழுத்தன. பிழிந்த சாறு பள்ளத்திலிருந்த கொதிகலன் மண்டபத்துக்கு வழிந்தோடியது. அங்கே வரிசையாக இருந்த செப்புக் கொப்பரைகளில், ஒன்றிலிருந்து மற்றதற்கு அகப்பையால் மாற்றி மாற்றிக் காய்ச்சினார்கள். தூக்கக் கலக்கத்தில் உருளைக்குள் கை போனால் வெட்டியெடுப்பதற்கென்று கரீபியன் ஆலைகளில் கோடரி வைத்திருந்தார்கள்.

ஆலை கல்லால் ஆனது, நிற்கிறது. அடிமைகளின் குடிசைகள் வரிச்சும் சுண்ணாம்பும் ஓலையும். சரிவில் சில அடையாளங்கள் மட்டுமே மிச்சம். பலர் அவற்றைக் கவனிக்காமலே கடந்து போகிறார்கள்.

இதே தீவில் 1733 நவம்பரில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து கோட்டையைப் பிடித்தார்கள். மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். மார்ட்டினிக்கிலிருந்து வந்த பிரெஞ்சுப் படைதான் 1734இல் அவர்களை அடக்கியது. அன்னபெர்க்கிலிருந்து பார்த்தால் எதிரே டொர்டோலா தீவு, வெறுங்கண்ணுக்கே தெளிவாகத் தெரிகிறது. அது பிரித்தானியருடையது. அங்கே 1834இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இங்கே 1848 ஜூலை 3 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இரவோடிரவாக அந்த நீரிணையைக் கடந்து தப்பியவர்கள் உண்டு. கடலைக் கடந்து தப்புவது என்னவென்று இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

விடுதலைக்குப் பின் கரும்புத் தொழில் சரிந்தது. தோட்டங்களைக் காடு மூடியது. விடுதலை பெற்றவர்களின் சந்ததியினர் சிறு துண்டு நிலங்களில் பயிர் செய்தும் மீன் பிடித்தும் வாழ்ந்தார்கள். 1962இல், பூங்காவுக்காகத் தனியார் காணியைக் கட்டாயமாகச் சுவீகரிக்க இடமளிக்கும் சட்ட ஏற்பாடு முன்வந்தபோது தீவு மக்கள் எதிர்த்தார்கள். அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் சரிவில் இறங்குங்கள். குடிசைகள் இருந்த இடம் அங்கேதான்.