கட்டடக்கலைப் பயிற்சியும் பட்டப்படிப்பும்: கண்டி காட்டும் வரலாறு

கட்டடக்கலை பயிலும் மாணவர் தம் பட்டப்படிப்பின் இடையே சில மாதங்கள் தொழில்புரியும் கட்டடக்கலைஞர் ஒருவரின் அலுவலகத்திலே பணியாற்றுவதும், அக்காலத்தைப் பல்கலைக்கழகம் பட்டத்துக்குரிய பகுதியாகக் கணக்கிடுவதும் இன்று பல நாடுகளில் விதியாகிவிட்டன. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த கட்டடக்கலை மன்றம், 1983 இல் வகுத்த ஒழுங்குவிதிகளில், ஐந்தாண்டுப் படிப்பினுள் ஏறத்தாழ 16 வாரங்களை அலுவலகப் பயிற்சிக்கென ஒதுக்கியது. இத்தகைய விதிகளைப் படிப்போர், பல்கலைக்கழகமே முதலில் தோன்றியது எனவும், அலுவலகம் பின்னர் அதற்குத் துணையாகச் சேர்க்கப்பட்டது எனவும் எண்ணிவிடுதல் இயல்பே. வரலாறு இதற்கு நேர்மாறானது. அதனை அறியக் கண்டியும் அதன் சுற்றுப்புறமும் போதிய சான்று தருகின்றன.

பேராதனைக்கு அண்மையிலுள்ள கடலாதெணிய விகாரை 1344 ஆம் ஆண்டில் எழுந்தது. அதனைக் கல்லில் அமைத்த தலைமைச் சிற்பி கணேசுவராசாரி எனச் சாசனம் கூறுகின்றது. அவர் தென்னிந்திய மரபில் வந்தவர். அதே காலத்ததாகிய லங்காதிலக விகாரையின் பாறையிலே தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டிருத்தல், இம்மலைநாட்டில் கட்டடத்தொழில் மொழியெல்லை கடந்து இயங்கியமையைக் காட்டும். கண்டியரசர் காலத்தில் ‘பட்டல் ஹதர’ எனச் சிங்களத்தில் வழங்கிய நான்கு அரச பட்டறைகள் கைவினைஞரை ஒருங்கே வைத்திருந்தன. இறுதி மன்னன் சிறீ விக்கிரம இராசசிங்கன் காலத்துத் தேவேந்திர மூலாச்சாரி, தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தோடும் கண்டி வாவியோடும் இணைத்துப் பேசப்படுபவர்.

இவர்கள் எவ்வாறு கற்றனர் என்பதை அறிய உதவுபவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராகிய அவர், கனிப்பொருள் ஆய்வுக்காக மலைநாடெங்கும் திரிந்த காலத்தில் கைவினைஞரின் வாழ்க்கையையும் நுணுகி நோக்கி, 1908 இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். அவர் தரும் செய்திகளின்படி, சிறுவன் ஆசானை அண்டியிருந்தே தொழில் கற்றான். வளைகோடுகளைத் திரும்பத் திரும்ப வரைந்து கை படிந்த பின்னரே உளியையோ தூரிகையையோ பெற்றான். கற்றலும் வேலையும் அங்கே வேறுவேறாக இருக்கவில்லை. கட்டி முடித்த மண்டபமே பரீட்சை. இம்முறையைப் போற்றுவோர் மறந்துவிடும் உண்மையொன்று உண்டு: பட்டறையின் வாயிலைத் திறந்தது திறமையன்று, பிறப்பு. 1815 இல் அரசு வீழ்ந்தது. 1832 இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. பெருவேலை கொடுப்போர் இல்லாதொழியவே, மாணாக்கரைப் பேணும் வலுவையும் ஆசான்மார் படிப்படியாக இழந்தனர்.

இங்கிலாந்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை அலுவலகமே பள்ளி. அங்கே வாயிலைத் திறந்தது பணம். மாணாக்கனின் தந்தை கட்டடக்கலைஞருக்கு ஒரு தொகை செலுத்தி மகனை ஒப்பந்தத்தில் ஒப்படைப்பார். கற்பிக்கப்பட்டது யாது என்று வினவுவார் எவருமிலர். படி எடுப்பதிலேயே ஆண்டுகளைக் கழித்தோர் பலர். இதில் வெறுப்புற்ற ஒப்பந்த மாணாக்கர்களே 1847 இல் ஒன்றுகூடித் தமக்குத் தாமே கற்பித்துக்கொள்ளும் பொருட்டு இலண்டனில் கட்டடக்கலைச் சங்கம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். பின்னர் அதுவே புகழ்பெற்ற கல்லூரியாக வளர்ந்தது. கல்லூரிக்கும் தொழிலகத்துக்கும் மாணவர் மாறிமாறிச் சென்று, இரண்டையும் ஒரே பட்டத்துக்கு உரியனவாக்கும் முறையை 1906 இல் அமெரிக்காவின் சின்சினாற்றிப் பல்கலைக்கழகம் பொறியியலிலே தொடங்கியது. 1958 இல் ஒக்ஸ்போட்டில் பிரித்தானியக் கட்டடக்கலைஞர் கூடிய மாநாடு, கல்வியின் இடம் பல்கலைக்கழகமே என வற்புறுத்தியது. ஒப்பந்த மாணாக்கர் முறை அதன் பின்னர் மங்கி மறைந்தது.

இவ்விரு முறைகளும் ஒருவரின் வாழ்விலேயே மோதிக்கொண்டமையைக் காண விழைவோர் கண்டிக்கே மீள வேண்டும். மினெற் டி சில்வா 1918 இல் கண்டியிலே பிறந்தார். தந்தையார் ஜோர்ஜ் ஈ. டி சில்வா நாடறிந்த அரசியல்வாதி. தாயார் ஆக்னஸ் பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்டவர். கட்டடக்கலை கற்பதற்கு அக்காலத்து இலங்கையிலே கல்லூரி இருக்கவில்லை. ஆகவே மினெற் பம்பாய் சென்றார். அங்கும் முதலில் அவருக்குத் திறந்தது அலுவலகத்தின் கதவே. தனியார் கட்டடக்கலை நிறுவனமொன்றிலே பயிலுநராக அமர்ந்த பின்னரே ஜே. ஜே. கலைக்கல்லூரியிற் சேர்ந்தார். 1942 இன் விடுதலைக் கிளர்ச்சியில் ஈடுபட்டு, மன்னிப்புக் கோர மறுத்தமையால் கல்லூரி அவரை வெளியேற்றியது.

அந்நிலையில் அவரைக் காத்தது மீண்டும் ஓர் அலுவலகம். ஜெர்மனியிலிருந்து வந்து மைசூர் அரசின் பணியிலிருந்த ஒற்றோ கோனிக்ஸ்பேர்கரின் கீழ், பெங்களூரில், தாதா உருக்கு நகருக்கான முன்னாக்க வீடுகளின் திட்டத்திலே பணியாற்றினார். சான்றிதழ் எதுவுமில்லாத ஒருவர் அங்கே வரைபலகையின் முன் இருத்தப்பட்டார் என்பது சிந்திக்கற்பாலது. 1945 இல் இலண்டன் சென்று, மேற்சொன்ன ஒப்பந்த மாணாக்கர் அமைத்த அதே கல்லூரியிற் படித்தார். 1948 இல் பிரித்தானிய அரச நிறுவனத்தின் இணையுறுப்பினராகத் தெரிவானார். அத்தகுதியைப் பெற்ற முதல் ஆசியப் பெண் அவர் என்பர்.

நாடு திரும்பியவர் கொழும்பை நாடவில்லை. கண்டியில், பெற்றோரின் செயின்ற் ஜோர்ஜ் இல்லத்திலேயே அலுவலகத்தை அமைத்தார். 1949 க்கும் 1951 க்கும் இடையில் எழுந்த கருணாரத்ன இல்லம் அவருடைய முதற் கட்டடம். மலைச்சரிவைச் சமப்படுத்தாது தளங்களைப் படிப்படியாக அமைத்தார். தும்பறைப் பாய் நெசவைக் கதவுகளிற் பதித்தார்; அரக்கு வேலைப்பாட்டையும் சுடுமண் ஓடுகளையும் ஆண்டார்; கண்டியிற் பிறந்த ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியத்துக்கும் இடமளித்தார். இலண்டனிற் பட்டம் பெற்றவர் இங்கே மீண்டும் மாணவரானார் என்று கூறுதல் மிகையாகாது. தறியின் அகலம் எவ்வளவு, நெய்த பாய் எத்துணைக் காலம் தாங்கும் என்பனவற்றை அவருக்குக் கூறக்கூடியவர் நெசவாளரேயன்றிப் பேராசிரியர் அல்லர்.

கண்டி வட்டபுளுவவில் 1950 களின் நடுவிலே தொடங்கி 1958 அளவில் நிறைவுற்ற வீடமைப்புத் திட்டம் ஏறத்தாழ 250 வீடுகளைக் கொண்டது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் ஆகிய பல சமூகத்தாரும் அதிற் குடியேற இருந்தனர். வரைவதற்கு முன்னர் அவர்களின் தேவைகளைக் கேட்டறிந்த பின்னரே வீட்டு வகைகள் வகுக்கப்பட்டன. அடுப்படி எங்கே, வழிபாட்டிடம் எங்கே, விருந்தினர் எதுவரை வரலாம் என்பன வகுப்பறையிற் கிடைக்கும் விடைகள் அல்ல. டென்மார்க்கிற் பயிற்சி முடித்த இளங் கட்டடக்கலைஞர் உல்றிக் பிளெஸ்னர் 1958 இல் இவ்வலுவலகத்தைத் தேடி வந்தார். ஐரோப்பிய இளைஞர் ஒருவர் தொழிலின் பொருட்டுக் கண்டிக்கு வந்த அதே ஆண்டில், ஒக்ஸ்போட்டு மாநாடு அலுவலகக் கல்வியின் காலம் முடிந்தது எனத் தீர்மானித்தது விந்தையே.

பிளெஸ்னர் பின்னர் ஜெப்ரி பாவாவிடம் சென்றார். பாவாவின் வரலாறும் இதையொத்ததே. சட்டம் கற்ற அவர் 1951 இல் கொழும்பு எட்வேட்ஸ், றீட் அன்ட் பெக் நிறுவனத்தில் பயிலுநரானார். அதன் பின்னரே இலண்டன் சென்று 1957 இல் தகுதி பெற்றார். அந்நிறுவனத்தில் பாவாவின் பங்காளராக விளங்கிய பொறியியலாளர் க. பூலோகசுந்தரம் தமிழ் வாசகர் நினைவிற்கொள்ள வேண்டிய ஒருவர். கொழும்பு அலுவலகம் இளையோர் பலரை உருவாக்கிற்று. கண்டி அலுவலகமோ ஒருவரை மட்டும் நம்பி நின்றமையால், அவர் தளர்ந்தபோது தானும் தளர்ந்தது. அலுவலகக் கல்வியின் நலிவு இங்கேதான் தெரிகிறது: ஆசிரியர் நீங்கினால் பள்ளியே இல்லை.

இலங்கையிலே முறைசார் கட்டடக்கலைக் கல்வி 1961 இல் கட்டுபெத்தையிலே தொடங்கிற்று. அங்கிருந்த நிறுவனம் 1972 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 1978 இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. 1957 இல் எழுந்த கட்டடக்கலைஞர் நிறுவகம் 1976 இல் சட்டத்தின் ஏற்பைப் பெற்றது. 1971 ஆம் ஆண்டின் பயிலுநர் சட்டம் பிற தொழில்களில் மாணவரைப் பணியிடங்களில் அமர்த்த வழிசெய்தது. 1964 இல் பேராதனைக்கு வந்த பொறியியற் பீடத்தின் மாணவருக்கும் கைத்தொழிற் பயிற்சி பட்டத்தோடு இணைந்ததாயிற்று.

இணைப்பினால் விளைந்த நன்மையை மறுத்தல் தகாது. பட்டத்தின் பகுதியெனக் கொண்டபின், மாணவன் யாது கற்றான் என்று பல்கலைக்கழகம் அலுவலகத்தைக் கேட்கலாம். 1847 இன் மாணாக்கருக்கு அவ்வாறு கேட்பார் எவருமிலர். பிறப்பும் பணமும் காத்த வாயிலைப் பரீட்சை ஓரளவு அகலத் திறந்தது. எனினும் ஊதியமின்றிக் கொழும்பிலே வாடகை கொடுத்துத் தங்கும் வசதியற்ற மலைநாட்டு மாணவனுக்குப் பணத்தின் தடை முற்றாக நீங்கியதாகாது. மற்றொரு வாயில் மூடப்பட்டும் விட்டது. பதிவுபெற்ற மாணவருக்கே பயிற்சி என்னும் விதியின்கீழ், கல்லூரி வெளியேற்றிய மினெற் பெங்களூரிற் கழித்த காலம் கணக்கில் வராது.

அவர் 1975 முதல் 1979 வரை ஹொங்கொங் பல்கலைக்கழகத்திலே ஆசியக் கட்டடக்கலையின் வரலாற்றைக் கற்பித்துக் கண்டிக்கு மீண்டார். 1996 இல் நிறுவகத்தின் பொற்பதக்கத்தைப் பெற்றார். 1998 இல் மறைந்தார். தம் வாழ்வையும் பணியையும் பற்றி அவர் தொகுத்த நூல் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

பயிற்சியிடம் என்பதற்கு விதிகள் தரும் பொருள் ‘தொழில் அலுவலகம்’ என்பதே. தும்பறை நெசவாளரின் கொட்டில் அதனுள் அடங்காது. மலைநாட்டின் பட்டறைகளில் ஒரு பருவத்தைக் கழிக்கும் மாணவனுக்கும் பட்டத்துக்குரிய அலகை வழங்கத் துறைகள் முன்வரின், அவனுடைய பயிற்சிக் குறிப்பேட்டிற் கையொப்பமிடும் உரிமை யாருக்கு என்பதே முதலில் தீர்க்கப்படவேண்டிய வினா. பதிவுபெற்ற கட்டடக்கலைஞருக்கு மட்டுமே அவ்வுரிமை உண்டெனில், கற்பித்தவர் பெயர் அவ்வேட்டில் இடம்பெறாது.