கறந்த பாலும் கலந்த மருந்தும்

பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் இடையே அமைந்த சிற்றூர் சுங்காய். ஈயமும் ரப்பரும் பேராக்கின் இரு கண்களாய் விளங்கிய காலத்தில் இவ்வூரைச் சூழ்ந்த காடுகள் திருத்தப்பட்டுத் தோட்டங்களாயின. தமிழகத்துச் சிற்றூர்களினின்றும் கடல் கடந்து வந்த மக்கள் இத்தகைய தோட்டங்களில் இருவகைப் பாலை நம்பி வாழ்ந்தனர். வைகறையில் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரத்தைச் சீவி எடுத்த பால் ஒன்று; லயத்து வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் கட்டிய பசுவிடம் கறந்த பால் மற்றொன்று. முன்னது தோட்டத்திற்கு உரியது. பின்னது குடும்பத்திற்கு உரியது.

தோட்டக் கூலி மாதத்திற்கு ஒருமுறை கைக்கு வரும். கடைக்கணக்குத் தீர்ந்தபின் அதில் மிஞ்சுவது சிறிதே. பிள்ளையின் பள்ளிச் செலவு, திருவிழாச் செலவு, திடீரென வரும் நோய்ச் செலவு ஆகியவற்றுக்குப் பசுவே கைகொடுத்தது. மாட்டுப் பொங்கலன்று அதன் கொம்புக்கு வண்ணம் தீட்டிக் கழுத்தில் மாலையிட்டதில் நன்றியுணர்வும் கலந்திருந்தது. இந்தியாவிலிருந்து குடியேறியோருடன் வந்து இம்மண்ணில் பெருகிய இவ்வினத்தைக் கால்நடைத் துறையினர் 'உள்நாட்டு இந்தியக் கறவை மாடு' என்று பெயரிட்டு வழங்கினர். அது கறந்தது குறைவு. ஆயினும் வெப்பத்தையும் உண்ணியையும் தாங்கி, ரப்பர் மரநிழலில் கிடைத்த புல்லைத் தின்று வாழும் உரம் பெற்றிருந்தது.

1970-ஆம் ஆண்டுகளில் இந்நிலை மாறத் தொடங்கியது. நாட்டின் பால் தேவையை உள்நாட்டிலேயே நிறைவு செய்யும் நோக்குடன் அரசின் கால்நடைத் துறை பால் சேகரிப்பு நிலையங்களை அமைத்தது. பிரீசியன், சாகிவால் இனக் கலப்பு மாடுகள் பெருகின. 'மாபிரிவால்' என்னும் மலேசியக் கலப்பினமும் உருவாயிற்று. பால் பெருகியது. அதனோடு ஒரு பழைய தொல்லையும் பெருகியது. மிகுதியாகச் சுரக்கும் மடிக்கு நோயும் எளிதில் வரும் என்பது கறவைத் தொழில் வளர்ந்த நாடுகள் எல்லாம் கண்டறிந்த உண்மையாகும்.

மடிநோய் கண்ட பசுவின் மடி வீங்கிச் சிவந்து கல்போல் இறுகும். பால் திரிந்து வரும். சிலபோது இரத்தமும் கலந்து வரும். அழுக்குத் தரை, கழுவாத கை, ஒரு பசுவின் மடியிலிருந்து மறு பசுவின் மடிக்குத் தாவும் கிருமி ஆகியவை இதற்குக் காரணம். பிழைத்தாலும் அக்காம்பு வற்றிப் போவதுண்டு. ஒற்றைப் பசுவை நம்பிய வீட்டில் அது வருவாயின் ஒரு பகுதி வற்றியதற்கு ஒப்பாகும்.

இந்நோய்க்கு விடையாக வந்தவையே நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள். 1928-இல் இலண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். 1939-இல் ரெனே துபோ என்னும் அறிஞர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கிருமிகொல்லும் பொருளைப் பிரித்தெடுத்தார். நியூயார்க் உலகக் கண்காட்சியில் காட்சிக்கு வைத்திருந்த கறவை மாடுகளுக்கு மடிநோய் கண்டபோது, அப்பொருளைச் செலுத்தியே குணப்படுத்த முயன்றனர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் காம்பின் துளை வழியே பெனிசிலினைச் செலுத்தும் முறை உலகெங்கும் பரவியது. இரண்டு மூன்று நாட்களில் வீக்கம் வடிந்தது. மாடு வளர்ப்போர் அதை வரம் என்று கருதியதில் வியப்பில்லை.

அவ்வரத்துடன் இரண்டு கேடுகளும் வந்தன. முதற்கேட்டைத் தயிர்ப்பானையே காட்டிக் கொடுத்தது. மருந்து செலுத்திய பசுவின் பாலில் அம்மருந்து சில நாட்கள் கலந்து வரும். அப்பாலில் உறைமோர் இட்டால், பாலை உறையச் செய்யும் நல்ல நுண்ணுயிர்கள் மடியும், தயிர் தோயாது. மேலைநாடுகளில் பாலாடைக்கட்டி செய்வோரே இதனை முதலில் உணர்ந்து முறையிட்டனர். பாலில் மருந்து உள்ளதா என்று அறியும் சோதனையும் இதே அடிப்படையில் அமைந்தது. குழாயில் உள்ள நுண்ணுயிர் வளர்ந்தால் ஊதா நிறம் மஞ்சளாகும். மருந்து இருந்தால் அது வளராது, ஊதா ஊதாவாகவே நிற்கும். பாலைக் காய்ச்சினால் கிருமி சாகும். கலந்த மருந்தோ முழுவதும் அழிவதில்லை.

இரண்டாம் கேடு கண்ணுக்குத் தெரியாதது. வீக்கம் வடிந்ததும் மருந்தை நிறுத்திவிட்டால் வலுக்குன்றிய கிருமிகளே மடிந்திருக்கும். வலுமிக்கவை பிழைத்துப் பெருகும். அடுத்த முறை அதே மருந்து பயன் தராது. பெனிசிலினைச் சிதைக்கும் பொருளைக் கிருமிகள் சுரப்பதை 1940-இலேயே ஆபிரகாம், செயின் என்னும் அறிஞர்கள் வெளியிட்டனர். 1945-இல் நோபல் பரிசு பெற்ற பிளெமிங், குறைந்த அளவில் மருந்து உண்பது கிருமிகளை மருந்துக்குப் பழக்குவதாகும் என்று தம் உரையிலேயே எச்சரித்தார். ஒரு கிருமி தன் எதிர்ப்பாற்றலை வேறினக் கிருமிக்கும் வழங்கவல்லது என்பதை 1959-இல் ஜப்பானிய அறிஞர்கள் மெய்ப்பித்தனர்.

கொட்டகையில் பிறந்த கேடு கொட்டகையிலேயே தங்குவதில்லை. 1960-ஆம் ஆண்டுகளின் நடுவில் இங்கிலாந்தில் வாணிகரால் ஊர் ஊராய் விற்கப்பட்ட கன்றுகளிடையே மருந்துக்கு அடங்காத சால்மொனெல்லாக் கிருமி பரவி மக்களையும் தாக்கியது. ஆண்டர்சன் என்னும் ஆய்வாளர் இதனை ஆராய்ந்து உலகுக்கு உணர்த்தினார். அதன் விளைவாக அமைந்த சுவான் குழு, மனிதருக்குத் தேவையான மருந்துகளைக் கால்நடை கொழுக்கத் தீவனத்தில் கலக்கலாகாது என்று 1969-இல் பரிந்துரைத்தது.

மலேசியாவிலும் இதற்கான அமைப்புகள் இல்லாமற் போகவில்லை. சுங்காய்க்கு வடக்கே, ஈப்போவில், 1948-இல் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. 1983-ஆம் ஆண்டின் உணவுச் சட்டமும் 1985-ஆம் ஆண்டின் உணவு ஒழுங்குமுறைகளும் உணவில் மருந்து எச்சத்திற்கு வரம்பு கட்டின. 2015-இல் சீனாவில், கடைசிக் காப்பாகக் கருதப்படும் கொலிஸ்டின் மருந்தையும் வெல்லும் மரபுக்கூறு பன்றிகளிடமும் மனிதரிடமும் கண்டறியப்பட்டது. அதன்பின் 2019-இல் மலேசியாவும் இந்தியாவும் உணவுக்கான விலங்குகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தன. மருந்தெதிர்ப்பை அடக்க 2017-இல் மலேசியா தேசியச் செயல்திட்டம் ஒன்றையும் தொடங்கியது.

சட்டம் இருந்தும் கேடு நீடிப்பதேன்? மருந்து செலுத்திய பசுவின் பாலைக் குறிப்பிட்ட நாட்கள் வரை விற்கலாகாது என்பது விதி. மருந்துக்கு மருந்து அது வேறுபடும். மூன்று நான்கு நாட்கள் என்பது பொது வழக்கு. பண்ணை முதலாளிக்கு அது கணக்கேட்டில் ஒரு வரி. இரண்டு மாடு வளர்ப்பவருக்கோ அது அடுப்பெரியாத நாட்கள். கறந்த பாலைத் தம் கையாலேயே சாக்கடையில் ஊற்றச் சொல்லும் விதி, உள்ளவரை விட இல்லாதவரையே கடுமையாகத் தண்டிக்கிறது. மருத்துவரை அழைக்கப் பணமின்மையும், மருந்தை மிச்சப்படுத்தி அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளும் சிக்கனமும் இதனோடு சேர்கின்றன. ரப்பர் அழிந்து செம்பனை வந்தபின் மேய்ச்சல் நிலமும் சுருங்கிப் பலர் மாடுகளை விற்றனர். எஞ்சியவர்க்கு ஒவ்வொரு படிப் பாலும் முன்னிலும் அருமையாயிற்று. ஆதலின் இதனை அறியாமையின் வரலாறு என்று மட்டும் கூறுதல் நீதியாகாது. வறுமைக்கும் அதில் பங்குண்டு.

நோய் வாராமற் காப்பதே ஏழைக்கு மலிவான மருத்துவம். கறக்கும் முன் கையையும் மடியையும் கழுவித் துடைத்தல், நோயுற்ற பசுவை இறுதியில் கறத்தல், கொட்டகைத் தரையை உலர்வாக வைத்தல் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தஞ்சை ஆய்வு மையத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி, மரபு வைத்தியத்தை ஆராய்ந்து, மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்துப் பூசும் முறையைப் பரப்பினார். இந்தியத் தேசியப் பால்வள வாரியமும் இதனை மாடு வளர்ப்போரிடம் கொண்டு சென்றது. தொடக்கநிலை நோய்க்கு இத்தகைய முறை உதவினால் நுண்ணுயிர்க்கொல்லியின் தேவை அந்த அளவுக்குக் குறையும். காய்ச்சலுற்றுத் தீவனம் மறுக்கும் மாட்டிற்கு மருத்துவரே வேண்டும். அவர் குறித்த மருந்தைக் குறித்த நாள் முழுதும் கொடுத்தலும் வேண்டும்.

2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக உலகில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். இக்கேட்டுக்கு மருத்துவமனையும் பண்ணையும் ஒருங்கே வழி செய்தன. மருந்து கலந்த பாலைக் கொட்டுவதால் காக்கப்படுவது ஊர் முழுவதன் நலம். எனவே அவ்விழப்பை மாடு வளர்க்கும் எளியவர் மட்டும் சுமப்பது முறையன்று. விலக்கு நாட்களுக்கு ஈடு வழங்குவதும், மருத்துவரின் உதவியைக் கொட்டகை வரை கொண்டு சேர்ப்பதும் பாலருந்தும் சமுதாயத்தின் கடமை. தோயாத தயிர்ப்பானை ஒரு வீட்டில் இருக்கலாம். அது தரும் எச்சரிக்கை எல்லா வீட்டிற்கும் உரியது.